தாழம்பூ போன பிறகு

திருவல்லிக்கேணியில் பெரிய பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அத்தர் கடை இருக்கிறது. மூன்று பேர் உள்ளே நின்றால் நான்காவது ஆள் படியில்தான் நிற்க வேண்டும். சுவர் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகள். கடைக்கார பாய்க்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வலது காது மடிப்பில் அத்தரில் தோய்த்த பஞ்சுத் துணுக்கு ஒன்று எப்போதும் செருகியிருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் முதல் தடவை போனபோது, "பூ வாசமா ஏதாவது குடுங்க பாய்" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் மேல் தட்டிலிருந்து ஒரு குப்பியை இறக்கி, கண்ணாடிக் குச்சியை அதில் முக்கி, குப்பியின் வாயில் ஒருமுறை வழித்துவிட்டு, என் புறங்கையில் ஒரே ஒரு கோடு இழுத்தார்.

தாழம்பூ! நான் வளர்ந்தது வேதாரண்யம் பக்கம். வாய்க்கால் கரையில் தாழம்புதர் உண்டு. உள்ளே பாம்பு இருக்கும் என்று எங்களைக் கிட்டே விடமாட்டார்கள். யாராவது பெரியவர்கள் முள்ளுக்குப் பயந்து பயந்து பறித்துக் கொடுத்தால், ஒரு மடலை அம்மா பின்னலில் வைத்துத் தைப்பார், மிச்சத்தை பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துவிடுவார். பூ காய்ந்து ஓலையாகிப் போனாலும் புடவையை எடுக்கும்போதெல்லாம் அந்த வாசம் வரும். அது அப்படியே என் புறங்கையில் இருந்தது. பெயர் மஜ்முவா என்றார். மூன்று மில்லி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கதவைத் திறந்த அத்தை, என் மாமியார், மூக்கை உறிஞ்சிவிட்டு, "வெளியே மழையா?" என்று கேட்டார். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. கையை முகர்ந்து பார்த்தேன். தாழம்பூவைக் காணோம். புழுதியில் தூறல் விழுந்ததும் கிளம்புமே, அந்த மண் வாசம். அதற்குக் கீழே எங்கோ வெட்டிவேர்.

ஏமாந்துவிட்டோம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அடுத்த வாரம் குப்பியை எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன். பாய் கோபப்படவில்லை. "நீங்க அவசரமா வாங்கிட்டீங்கம்மா. லுஹருக்குப் போட்டுக்கிட்டு அஸருக்கு மோந்து பாக்கணும். அப்பவும் பிடிச்சிருந்தாத்தான் காசு குடுக்கணும்" என்றார். மதியத் தொழுகைக்கும் பிற்பகல் தொழுகைக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது இருக்கும். அத்தரை அவர் கடிகாரம் பார்த்து அளப்பதில்லை, தொழுகை நேரத்தால் அளக்கிறார்.

மஜ்முவா என்றால் சேர்க்கை என்று பொருள். உருது வழியாக வந்த அரபுச் சொல். நான்கு அத்தர்களைக் கலந்து செய்வதுதான் அதன் பழைய முறை: தாழம்பூ, கடம்பு, மண், வெட்டிவேர். வடக்கே கேவ்டா, கதம், மிட்டி, கஸ் என்பார்கள். நான்கும் நமக்குத் தெரிந்தவைதான். தாழம்பூவை ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துக் கடற்கரையிலிருந்து எடுக்கிறார்கள்; ஆண் பூக்களுக்குத்தான் மணம். கடம்பு மதுரைக் கோயிலின் தலமரம். வெட்டிவேர் நம் கடலூர் மாவட்டத்துக் கடலோர மணலில் பயிராகிறது. மண் அத்தர்தான் எனக்கு இன்றைக்கும் அதிசயம். உத்தரப்பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊரில், களிமண்ணைச் சில்லு சில்லாகத் தட்டி, சுட்டு, செப்புப் பானையில் தண்ணீரோடு போட்டுக் கொதிக்கவைத்து, ஆவியைப் பிடிக்கிறார்கள். மழை வாசத்துக்கு ஆங்கிலத்தில் இன்றைக்குப் புழங்கும் பெட்ரிகோர் என்ற சொல்லை, 1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் உண்டாக்கினார்கள். இந்த மண் அத்தரைப் பற்றி அவர்களும் தெரிந்து வைத்திருந்தார்கள். பெயர் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே வாசத்தைக் குப்பியில் அடைத்துவிட்டார்கள் கன்னோஜ்காரர்கள்.

அவர்கள் முறையில் ஒரு சங்கதி முக்கியம். பூவும் தண்ணீரும் கொதிக்கிற பானைக்கு தேக் என்று பெயர். மூடியைக் களிமண் வைத்து அடைத்துவிடுவார்கள். அதிலிருந்து ஒரு மூங்கில் குழாய் கிளம்பி, தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு செப்புப் பாத்திரத்துக்குப் போகும். அந்தப் பாத்திரம், பாப்கா, காலியாக இருக்காது. அதில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். பூவின் ஆவி குளிர்ந்து நேராகச் சந்தனத்தில் இறங்கும். தண்ணீரைப் பிரித்துவிட்டு, அதே சந்தனத்தில் மறுநாள் புதுப் பூவின் ஆவியை இறக்குவார்கள். இப்படிப் பல நாள். ஆகவே பழைய முறையில் செய்த எந்த அத்தரைப் பூசினாலும், கடைசியில் கையில் தங்குவது சந்தனம்தான். பூ அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இதெல்லாம் தெரிந்த பிறகு, சும்மா இருக்க முடியவில்லை. ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நாலு பேரையும் உட்காரவைத்தேன். நான், என் கணவர், அத்தை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள். சோப்பு, பவுடர் எதுவும் இல்லாமல் வெந்நீரில் குளியல். அத்தை மட்டும் வழக்கம்போல் கையிலும் காலிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார், எழுபத்திரண்டு வருடப் பழக்கத்தை ஒரு நாளைக்காக மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலை ஏழு மணிக்கு ஆளுக்கு ஒரு கோடு, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, உள்பக்கத்தில். கை கழுவினாலும் போகாத இடம். ஐந்தாவதாக, முந்தின நாள் காலண்டர் தாளின் ஓரத்தைக் கிழித்து அதிலும் ஒரு கோடு. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன்.

ஏழு மணிக்கு எல்லாரிடமும் தாழம்பூ. மிக அருகில் முகர்ந்தால் கண்ணில் ஏறுகிற மாதிரி லேசான காரம்.

ஏழு இருபதுக்கு என் கையில் தாழம்பூ மெலிந்து, அடியிலிருந்து ஒரு பச்சை வாசம் வந்தது. தழையைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கினால் வருமே, அது மாதிரி. கூடவே ஒரு குளுமை. இதுதான் கடம்பு என்று அன்றைக்குத்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. மகளுக்கும் அப்படியே. கணவர் கையில் தாழம்பூ சுத்தமாக இல்லை, கடம்பும் போகிற நிலை. அத்தையின் கையில் ஏழு மணிக்கு இருந்தபடியே இருந்தது. காலண்டர் தாளிலும் மாற்றம் இல்லை.

எட்டரைக்கு எனக்கு மண். நான் எதிர்பார்த்துக் காத்திருந்தும், அது வந்தபோது திடுக்கிட்டேன். வெயிலில் காய்ந்த முற்றத்தில் ஒரு செம்புத் தண்ணீரை விசிறிய மாதிரி. மூக்கை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் முதல் மூச்சில் மட்டும் இருக்கும், இரண்டாவது மூச்சில் மங்கிவிடும். இந்த மண் ஒரு மணி நேரத்துக்கு மேல் தனியாக நிற்கவில்லை. பத்து மணிக்குள் வெட்டிவேரோடு கலந்துவிட்டது. கணவர் கையில் அது எப்போது வந்து எப்போது போனது என்றே தெரியவில்லை, எட்டரைக்கே வெட்டிவேர்தான். அத்தைக்குப் பத்து மணிக்கும் தாழம்பூவின் மிச்சம் இருந்தது.

மதியம் ஒரு மணிக்குக் கணவர், "ஒண்ணுமே இல்லை, போயிடுச்சு" என்று கையை நீட்டினார். எனக்கும் தெரியவில்லை. அந்த நேரம் டியூஷன் முடிந்து உள்ளே வந்த மகள், செருப்பைக்கூடக் கழற்றாமல், "யாரு வெட்டிவேர்த் தட்டியை நனைச்சது?" என்றாள். எங்கள் இருவருக்கும் தெரியாத வாசம் அவளுக்கு வாசலிலேயே தெரிந்தது. இதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இரவு ஒன்பதுக்கு என் கையில் தேடித் தேடி முகர்ந்தால் சந்தனம். அத்தை கையில் தேடவே வேண்டாம், பால் போல ஒரு சந்தனம் கையைச் சுற்றியே இருந்தது. காலண்டர் தாள்தான் வேடிக்கை. மதியம் வரைக்கும் அதில் தாழம்பூ இருந்தது. மண் வாசம் அதில் தனியாக வரவே இல்லை. மறுநாள் காலையிலும் வெட்டிவேர் வாசம் அடித்தது. கடையில் தாளை நீட்டி முகரச் சொல்லி விற்கிறார்களே, அந்தத் தாளை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று எனக்கு அன்றைக்கு உறுதியானது.

ஏன் இப்படி? நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வாசம் என்பது காற்றில் பறந்து மூக்குக்கு வரும் மூலக்கூறு. இலேசானது முதலில் பறக்கும், கனமானது மெதுவாகக் கிளம்பும். தாழம்பூ எண்ணெயில் மிகுதியாக இருக்கும் பொருளில் ஒன்பது கார்பன் அணுக்கள், மூலக்கூறு எடை 136. வெட்டிவேரில் மணக்கும் குசிமால் என்ற பொருளுக்கும் சந்தனத்தில் மணக்கும் சாண்டலால் என்ற பொருளுக்கும் பதினைந்து கார்பன் அணுக்கள், எடை 220. இரண்டுக்கும் அணுக்களின் எண்ணிக்கைகூட ஒன்றேதான், அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. அதனால்தான் கடைசியில் இரண்டும் பிரிக்க முடியாமல் ஒன்றாக நிற்கின்றன என்று நினைக்கிறேன். ஆக, மஜ்முவாவில் வாசம் "மாறவில்லை". எல்லாம் முதல் நொடியிலிருந்தே இருக்கிறது. தாழம்பூ முன்னால் நின்று மறைத்துக்கொண்டிருக்கிறது. அது விலக விலக, பின்னால் நின்றவை ஒவ்வொன்றாகத் தெரிகின்றன.

தோல் இதில் என்ன செய்கிறது? முதலில், சூடு. தோலின் மேற்பரப்பு 32 முதல் 34 டிகிரி வரை இருக்கும். மார்கழிக் காலையில் எங்கள் கூடத்தில் அவ்வளவு சூடு கிடையாது. தாளில் கிடக்கும் எண்ணெயைவிடக் கையில் இருக்கும் எண்ணெய் சீக்கிரம் பறக்கிறது. அப்புறம், தோலின் சொந்த எண்ணெய். நம் தோல் எந்நேரமும் கொஞ்சம் கொழுப்பைச் சுரந்துகொண்டே இருக்கிறது. வாசனைப் பொருள்கள் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். கரைந்தது சட்டென்று விட்டுப் போகாது. என் கணவருக்கு வறண்ட தோல். கையில் நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். பகல் முழுக்க ஏசியில் வேறு உட்கார்ந்திருப்பவர். அத்தருக்குப் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. அத்தையின் கையில் எழுபது வருடத் தேங்காய் எண்ணெய். தாழம்பூ மூன்று மணி நேரம் நின்றதற்கு வேறு மர்மம் எதுவும் தேட வேண்டாம். இதைச் சோதிக்க, அடுத்த ஞாயிறு கணவரின் ஒரு கையில் மட்டும் வாசமில்லாத பெட்ரோலியம் ஜெல்லி தேய்த்து அதன் மேல் கோடு இழுத்தேன். அந்தக் கையில் மட்டும் அவருக்கும் மண் வாசம் தெளிவாக வந்தது. மனிதர் அன்றைக்குத்தான் முதல்தடவையாக, "ஓ, இதைத்தான் சொல்லிட்டிருந்தியா" என்றார்.

தோலின் அமிலத்தன்மைதான் வாசத்தையே மாற்றிவிடுகிறது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். நான் அதற்கு அவ்வளவு இடம் கொடுக்க மாட்டேன். வியர்வை, தோலில் வாழும் நுண்ணுயிர்கள், நேற்றுச் சாப்பிட்ட பூண்டு, தலைக்குத் தேய்த்த சீயக்காய் எல்லாம் சேர்ந்து ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்த வாடை உண்டு. அத்தர் அந்த வாடையோடு சேர்ந்துதான் மணக்கிறது. எது எவ்வளவு வேகத்தில் பறக்கிறது, எதன் மேல் உட்கார்ந்து பறக்கிறது, இந்த இரண்டைக் கொண்டே என் வீட்டில் பார்த்த வித்தியாசம் அத்தனையும் எனக்கு விளங்கிவிட்டது.

ஸ்பிரே சென்ட்டில் இந்த நிதானம் கிடைக்காது. அதில் பெரும்பகுதி ஆல்கஹால். அடித்ததும் அது பறக்கும்; பறக்கும்போது இலேசான வாசங்களையும் அள்ளிக்கொண்டு போய் அறை முழுக்கப் பரப்பிவிடும். அத்தரில் அப்படித் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. கையோடு ஒட்டியே இருக்கும். கிட்டே வருகிறவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு அதுதான் வேண்டும்.

மகள் வாசலில் நின்று சொன்னதற்கு வருகிறேன். எங்களுக்குப் போய்விட்டது என்று தோன்றியது போகவே இல்லை. மூக்கு களைத்துவிட்டது, அவ்வளவுதான். ஒரே வாசத்திலேயே இருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். மீன் சந்தையில் கடை போட்டிருப்பவருக்கு மீன் வாடை தெரியாது, நம் வீட்டு வாசம் நமக்குத் தெரியாது. இது புரியாமல்தான் பாதிப் பேர் மத்தியானம் இன்னும் நாலு கோடு இழுத்துக்கொண்டு லிஃப்ட்டில் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி வரவைக்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் மொட்டைமாடிக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்து முகர்ந்து பாருங்கள். அல்லது வெளியிலிருந்து வரும் யாரையாவது கேளுங்கள்.

இன்னொன்று, எல்லாருக்கும் ஒரே மூக்கு கிடையாது. மூக்கில் வாசத்தைப் பிடிக்கும் வாங்கிகளைக் கண்டுபிடித்ததற்காகத்தான் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. மனித மூக்கில் அவை ஏறக்குறைய 400 வகை இருக்கின்றன. அவை ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறுபடும். பீட்டா அயனோன் என்ற பொருள் சிலருக்கு இனிய பூ வாசம். மரபணுவில் ஒரு சின்ன வித்தியாசத்தால் வேறு சிலருக்கு அது சரியாகத் தெரியவே தெரியாது. மருதாணிப்பூ எண்ணெயில் இந்த அயனோன் வகைகள் உண்டு. பாய் கடையில் மருதாணிப்பூ அத்தரை என் தங்கைக்குத் தடவினால், "சும்மா எண்ணெய் மாதிரி இருக்கு" என்பாள். நான் பக்கத்தில் நின்று மயங்கிக்கொண்டிருப்பேன். அவளுக்கு ரசனை இல்லை என்று பல நாள் சண்டை போட்டிருக்கிறேன். அதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மரிக்கொழுந்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. மதுரைப் பக்கம் கதம்பத்தில் மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் நடுவே பச்சையாக ஊடும் அதே கொழுந்துதான். அதன் எண்ணெயை தவனம் என்ற பெயரில் உலகத்தின் சென்ட் தொழில் முழுக்க வாங்குகிறது, தென்னிந்தியாவிலிருந்துதான் போகிறது. ஆளுக்கு ஆள் அதிகமாக வேறுபடும் எண்ணெய் இதுதான் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். பாயும் சொன்னார். நானும் பார்த்துவிட்டேன். என் கையில் முதல் ஐந்து நிமிடம் கொழுந்து வாசம், அப்புறம் அத்தனையும் பழம்: கனிந்து லேசாகப் புளிக்க ஆரம்பித்த பலாச்சுளையும் உலர்ந்த திராட்சையும். கணவர் கையில் பழமே வரவில்லை. காய்ந்த தேயிலை, வைக்கோல். ஒரே குச்சி, ஒரே குப்பி, ஒரே நேரம். தங்கை கையில் இரண்டுக்கும் நடுவே. மேலே சொன்ன என் கணக்கு எதிலும் இது முழுசாக அடங்கவில்லை. மரிக்கொழுந்தை மட்டும் ஒருபோதும் இன்னொருவர் கையில் முகர்ந்துவிட்டு வாங்காதீர்கள்.

மாறாத அத்தரையும் நான் வாங்கியிருக்கிறேன். ஒரு பொருட்காட்சிக் கடையில் மல்லிகை அத்தர் என்று கொடுத்தார்கள், விலை ரொம்பக் குறைவு. காலையில் பூசினால் மல்லிகை, மத்தியானம் அதே மல்லிகை, ராத்திரி அதே. நூல் பிடித்த மாதிரி ஒரே வாசம். நல்ல மல்லிகை அப்படி இருக்காது. மதுரை மல்லி காலையில் மொட்டாகப் பறித்து, மாலைக்கு மேல் விரியும்போதுதான் முழு மணம் வரும். அந்த மணத்தில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. தனியாக, செறிவாக முகர்ந்தால் அந்துருண்டை நெடி, அழுகல் வாடை. அளவாகச் சேரும்போதுதான் மல்லிகைக்கு உயிர் வருகிறது. ஆவியில் வேகவைத்தால் மல்லிகையின் மணம் கெடும் என்று, கரைப்பான் ஊற்றி மெழுகு மாதிரி எடுத்து, அதிலிருந்து சாரம் பிரிக்கிறார்கள். தமிழ்நாட்டு மல்லிகைச் சாரம் பெரிய பெரிய சென்ட் கம்பெனிகளுக்குப் போகிறது. பாயிடம் ஒரு துளி இருந்தது. பூசியதும் முகம் சுளித்தேன், அவ்வளவு அடர்த்தி. அரை மணி நேரத்தில் அது தளர்ந்து, சாயங்காலம் பூக்காரம்மா கூடையின் ஈரச் சாக்கை விலக்கியதும் வரும் அந்த வாசம் வந்தது. ராத்திரி தலையிலிருந்து எடுத்து வைத்த வாடிய சரம் எப்படி மணக்குமோ, அப்படி முடிந்தது. ஒரு பூவின் முழு நாளும் கையில் நடந்தது.

பொருட்காட்சி மல்லிகை மூன்றாம் நாள் கையில் சிவப்புத் தடிப்பைக் கொண்டுவந்தது. தோல் டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். சந்தனத்தின் விலை ஏறிய பிறகு, அது இருக்க வேண்டிய இடத்தில் பாரபின் எண்ணெய் போன்றவற்றை ஊற்றிச் செய்வது சகஜமாகிவிட்டது. செயற்கை வாசனை என்றாலே கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. கவனமாகச் செய்த செயற்கைக் கஸ்தூரி, மானைக் கொன்று எடுத்ததைவிட எனக்கு ஆயிரம் மடங்கு உயர்வு. பூ எண்ணெய்க்கும் ஒவ்வாமை வரும். முக்கியமாகக் குப்பி வெயிலிலும் காற்றிலும் கிடந்து பழசானால் வரும். குப்பியை இருட்டில், குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள். எது புதுசானாலும் முதலில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். எலுமிச்சை, பெர்கமோட் வகை எண்ணெய் கலந்ததைப் பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், தோல் கருத்துப் புண்ணாகலாம்.

மணிக்கட்டு இரண்டையும் சேர்த்துத் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். தேய்த்தால் வாசம் உடைந்துவிடும் என்பதெல்லாம் கிடையாது. சூடேறி, முதல் வாசம் சீக்கிரம் போய்விடும், அவ்வளவே. மஜ்முவாவில் அந்த முதல் வாசத்தின் ஆயுளே என் கையில் இருபது நிமிடம்தான்.

அந்த முதல் வாசத்துக்காகவே வாழ்கிற ஓர் ஆள் எங்கள் வீட்டில் உண்டு. சோதனையெல்லாம் முடிந்து, நான் அத்தையிடம் மண் வந்ததையும் வெட்டிவேர் வந்ததையும் வரிசையாக விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் உனக்கு. எனக்கு அந்தத் தாழம்பூ போதும்" என்றார். கல்யாணத்தன்று தாழம்பூ வைத்துத் தைத்த ஜடை அவருக்கு. அந்த ஒரு நாளுக்குப் பிறகு அவருக்கு யாரும் தாழம்பூ வைத்துப் பின்னிவிட்டதில்லை என்று அப்போதுதான் சொன்னார். சிவனுக்குத்தான் ஆகாது, நமக்கு ஆகும் என்று அவர் சொல்லிக்கொள்வார்.

போன மாதம் பாய் கடைக்குப் போனபோது விஷயத்தைச் சொன்னேன். பாய் தனித் தாழம்பூ அத்தரைத் திறந்தார். காலையில் கையில் ஒரு கோடு வாங்கிக்கொண்டு, பைகிராப்ட்ஸ் ரோட்டில் பழைய புத்தகக் கடைகளையெல்லாம் பார்த்து, சாப்பிட்டு, நாலு மணிக்குத் திரும்பி வந்தேன். கையில் வெறும் சந்தனம்தான் இருந்தது. எனக்கென்றால் வாங்கியிருக்க மாட்டேன். "இது நிக்காதும்மா" என்று பாயும் சொன்னார். பரவாயில்லை, மூன்று மில்லி கொடுங்கள் என்றேன்.

அத்தை அதைக் காலையில் ஒரு கோடு, மத்தியானத் தூக்கம் முடிந்து ஒரு கோடு, விளக்கேற்றிய பிறகு ஒரு கோடு என்று மூன்று வேளையும் போட்டுக்கொள்கிறார். சாயங்காலம் மூன்றாவது கோடு போட்டதும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். காலையிலிருந்து கையில் சேர்ந்துவிட்ட சந்தனத்துக்கு மேல் புதுத் தாழம்பூ. என் கையில் அது இப்படி மணப்பதில்லை.